பிசுக்கு போகணும், நம்பர் போகக் கூடாது!

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கணக்குப் பாடம் என்று பக்கத்துத் தாளுக்குத் தாவிவிட வேண்டாம். இது ஸ்டிக்கர் பிசுக்கைப் பற்றிய கட்டுரை. நம் பள்ளிச் சேகரிப்புக் கண்காட்சியில் என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கார்டைப் பார்க்கவில்லை. "டப்பாவை எப்படி இவ்ளோ பளிச்சுன்னு ஆக்கினே?" என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால், தமிழம்மாவிடம் இரண்டு சார்ட் தாள் வாங்கி எழுதிவிட்டேன். கையெழுத்து கடைசிப் பக்கம் போகப் போகச் சாயும். பொறுத்துக்கொள்ளவும்.

கார்டு என்னுடையது அல்ல, அண்ணனுடையது. 2013, 2014 வாக்கில் அவன் சேர்த்த ஐ.பி.எல். கிரிக்கெட் கார்டுகள், மொத்தம் 64. தோனி மூன்று இருக்கிறார், சச்சின் ஒன்றே ஒன்று. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, "விளையாடித் தொலைச்சிடாத" என்று ரப்பர் பேண்டு போட்ட கட்டாக என் கையில் கொடுத்தான். அந்த ரப்பர் பேண்டே முதல் எதிரி. ஓரத்தில் பள்ளம் விழுந்து, சில கார்டுகளுக்கு விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. கார்டு சேர்ப்பவர்களுக்குத் தெரியும், மூலையும் விளிம்பும் போனால் மதிப்பும் போச்சு. அமெரிக்காவில் மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952-ஆம் வருட அட்டை ஒன்று, 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. காரணம், இத்தனை வருடம் கழித்தும் அதன் மூலை நுனி மழுங்காமல் இருந்ததுதான். இப்போது அது கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்து இருக்கிறது. நம் தோனிக்கு அவ்வளவு கிடைக்காது. இருந்தாலும் ஒரு வீடு வேண்டாமா?

கடையில் விற்கும் கார்டு உறைகள் நம்ம ஊரில் கிடைக்கவில்லை. சிவகாசியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அச்சகம் இருக்கும், எந்த அச்சகத்துக்குப் போனாலும் விசிட்டிங் கார்டு டப்பா கிடக்கும். அதை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நுழையவே இல்லை. அளந்தால் கார்டின் அகலம் 6.3 செ.மீ., உயரம் 8.8 செ.மீ. விசிட்டிங் கார்டு அதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒல்லி. அப்போதுதான் சித்தப்பா வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது.

சித்தப்பா முன்பு சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் வாடகை பத்து ரூபாய். செல்போனிலேயே எல்லாரும் படம் பார்க்க ஆரம்பித்த பிறகு 2014-இல் கடையை மூடினார். சிடிகள் எங்கெங்கோ போய்விட்டன. காலி டப்பாக்கள் மட்டும் இரண்டு சாக்கில் பரணில் இருந்தன. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டும் அவர் தரவில்லை. சிடி டப்பாவின் அளவு 14.2 செ.மீ. × 12.5 செ.மீ. உள்ளே சிடி மாட்டும் தட்டைக் கழற்றிவிட்டால், இரண்டு கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் தாராளமாக நிறுத்தலாம். பின்னால் கறுப்புச் சார்ட் வைத்தால் கண்ணாடிப் பெட்டி மாதிரியே இருக்கும். 64 கார்டுக்கு 32 டப்பா போதும்.

சாக்கைப் பிரித்தோம். நிறைய மூடி நொறுங்கிக் கிடந்தது. நம்பர் ஸ்டிக்கரோடு தேறியவை 41, அதிலும் 6-க்குக் கீல் உடைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்டிக்கர். பின்னால் விலை ஸ்டிக்கர், முன்னால் கடை நம்பர். நான் நகத்தால் சுரண்டப் போனேன், சித்தப்பா கையைப் பிடித்துவிட்டார்.

"டப்பாவை எடுத்துக்கோ பாப்பா. நம்பரை மட்டும் கிழிக்காம எனக்குக் குடு."

எதுக்கு என்று கேட்க வாய் வரவில்லை. நம்பரை உற்றுப் பார்த்த பிறகு கேட்கவும் தேவைப்படவில்லை. அது தாத்தா கையெழுத்து. கடையில் கல்லாவில் உட்கார்ந்து நம்பர் போட்டவர் தாத்தாதான். தமிழ்ப் படத்துக்கு 'த', இங்கிலீஷ் படத்துக்கு 'இ', சாமி படத்துக்கு 'சா'. த-37, இ-9, சா-4 என்று வரிசையாக இருக்கும். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார். தாத்தா 2016-இல் இறந்துவிட்டார். அவர் எழுதினது என்று வீட்டில் இருப்பது ஒரு ரேஷன் கார்டு நகலில் கையெழுத்தும், இந்த 41 நம்பரும்தான்.

இப்போது சிக்கல் என்ன என்று புரிகிறதா? வெறும் பிசுக்கு என்றால் நூறு வழி இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கர் முழுசாக வர வேண்டும், பால்பாயிண்ட் மை கலையக் கூடாது, டப்பாவும் கெடக் கூடாது. மூன்றும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன! தண்ணீரில் ஊற வைத்தால் பிசின் இருக்கும், காகிதம் கூழாகிவிடும். எண்ணெய் தடவினால் காகிதம் பஜ்ஜி மடித்த பேப்பர் ஆகிவிடும். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஒரு சொட்டை வேறொரு பேப்பரில் எழுதின பால்பாயிண்ட் எழுத்து மேல் விட்டேன். எழுத்து நீலமாகப் பரவி ஓடிவிட்டது. ஆல்கஹாலுக்கு அந்த மை கரையும்.

என் தோழி ஒருத்தி, "நெயில் பாலிஷ் ரிமூவர் போடு, ஒரே துடைப்பு" என்றாள். அவள் சொன்னதை உடைந்த மூடித் துண்டில் மட்டும் செய்து பார்த்தோம். தொட்ட இடம் கண்புரை விழுந்த கண் மாதிரி வெளுத்து, விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். சிடி டப்பா பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். தெர்மாகோலும் அதேதான், காற்றை அடைத்து உப்ப வைத்த பாலிஸ்டைரீன். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். மிஸ் ஆய்வகத்தில் ஒரு தெர்மாகோல் துண்டை அசிட்டோனில் வைத்துக் காட்டினார். கை அளவு துண்டு சுருங்கிச் சுருங்கி மெழுகு உருண்டை மாதிரி ஆகிவிட்டது. 'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதி விற்கும் ரிமூவரிலும் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்குமாம். அதுவும் இந்த டப்பாவை விடாது. பெட்ரோலும் அப்படித்தான், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஆரஞ்சுத் தோல் நல்லது என்று இன்னொருத்தன் சொன்னான். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் சாறு பிசினைக் கரைக்கும் என்பது உண்மைதான். அதில் லிமோனீன் என்ற எண்ணெய் இருக்கிறது. ஆனால் அது பாலிஸ்டைரீனையும் கரைக்கும். (அதே சாறு பலூனில் பட்டால் படார்! செய்து பாருங்கள், வகுப்பில் வேண்டாம்.)

கார்டு வைக்கிற எல்லா டப்பாவும் பாலிஸ்டைரீன் இல்லை. தட்டினால் 'டிங்' என்று கண்ணாடி மாதிரிச் சத்தம் வந்து, வளைத்தால் பட்டென்று உடைவது பாலிஸ்டைரீன். டப்பாவின் அடியில் முக்கோணம் இருந்தால் அதற்குள் 6 என்று இருக்கும். டிபன் பாக்ஸ் மாதிரி வளைந்து கொடுப்பது பாலிபுரொப்பிலீன், அதற்கு 5. அது கொஞ்சம் முரட்டு ஆள், இந்தத் திரவங்களுக்கெல்லாம் பயப்படாது. விலை அதிகமான, காந்தம் வைத்து மூடுகிற கார்டு உறைகள் அக்ரிலிக். அதில் சானிடைசர்கூடப் போடக் கூடாது, உள்ளுக்குள் மயிர் மயிராய் விரிசல் விடலாம்.

கடைசியில் வழி காட்டினது என் பெஞ்ச் தோழியின் அப்பா. லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை செய்கிறார். அவர் சொன்னது இது. ஸ்டிக்கர் பிசின் காயாத பிசின். ஃபெவிகால் மாதிரி உலர்ந்து ஒட்டாது, தேன் மாதிரி எப்போதும் கொழகொழவென்றே இருந்து, அழுத்தினதும் ஒட்டும். அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் 1935-இல் இந்த மாதிரித் தானாக ஒட்டும் லேபிளைச் செய்து விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பெல்லாம் பசை தடவித்தான் ஒட்ட வேண்டும். தேனைச் சூடு பண்ணினால் இளகுமே, அதுபோல இந்தப் பிசினும் சூட்டில் இளகும். வேகமாக இழுத்தால் பிசின் இறுகிப் பிடிக்கும், காகிதம் கிழியும். மெதுவாக இழுத்தால் அதே பிசின் விட்டுக்கொடுக்கும். "ரொம்பச் சூடு பண்ணிராதம்மா. பிசின் பாகா ஓடிரும், அப்புறம் பாதி அங்க பாதி இங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் ஹேர் டிரையர் கிடையாது. அம்மா ஒரு காலத்தில் சட்டைக் காலருக்குச் செய்வதைச் செய்தேன். அடி தட்டையான எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஸ்டிக்கர் மேல் ஒரு வெள்ளைத் தாள் போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்தேன். கொதிக்கிற தண்ணீர் கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரிப் பக்கம் போனால் மெத்தென்று ஆகி வளைந்துவிடும். கையால் டம்ளரைத் தொட்டுப் பிடிக்க முடிகிற சூடு, அவ்வளவுதான். ஒரு நிமிடம் வைத்துவிட்டு, மூலையை நகத்தால் நிமிண்டி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடிக்கிற மாதிரி, தரையோடு தரையாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். எறும்பு நடக்கிற வேகம். இறுகுகிற மாதிரித் தெரிந்தால் நிறுத்தி, மறுபடி டம்ளர். முதலில் பின்பக்க விலை ஸ்டிக்கர்களில் கை பழகிக்கொண்டுதான் தாத்தா நம்பர் பக்கம் வந்தேன்.

முதலில் வந்தது த-112. நுனி முதல் நுனி வரை முழுசு. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நம்பரைச் சொன்னால் போதும், படத்தின் பெயர், யார் அதிகம் எடுத்தார்கள் எல்லாம் வரும். "சா-4 ஆடி மாசம் கையில நிக்காது." "இ-9 டப்பா மட்டும் திரும்ப வந்துச்சு, உள்ளே சிடி இல்லை. எடுத்தவன் இன்னைக்கும் என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுட்டுப் போவான்." அன்று சாயங்காலம் அவர் ஆட்டோ சவாரிக்குப் போகவில்லை.

உரித்த ஸ்டிக்கரை எதில் ஒட்டி வைப்பது என்பது அடுத்த கேள்வி. நோட்டில் ஒட்டினால் அதோடு போச்சு, மறுபடி எடுக்க முடியாது. பிரஸ் மாமா, ஸ்டிக்கருக்குப் பின்னால் வருமே வழுவழுத் தாள், அதில் கழிவு ஒரு கட்டு கொடுத்திருந்தார். அந்தத் தாளில் சிலிக்கோன் பூசியிருப்பார்கள், அதனால் பிசின் அதில் ஒட்டின மாதிரி இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 41-இல் 36 முழுசாக வந்தன. 3 ஏற்கெனவே நடுவில் கீறி இருந்ததால் இரண்டாக வந்தன, அந்தத் தாளிலேயே சேர்த்து வைத்தோம்.

மீதி இரண்டு வரவே இல்லை. நம்பர் அழியாமல் இருக்க அதன் மேல் யாரோ செலோ டேப் ஒட்டியிருந்தார்கள். வருடம் போகப் போக டேப் மஞ்சளாகி, பிசின் காகிதத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. முக்கியமான எழுத்து எதன் மேலும் செலோ டேப் ஒட்டாதீர்கள் என்று நூலகப் பொறுப்பாசிரியர் சொல்வாரே, கண்ணால் பார்த்துவிட்டேன். த-7, த-71. இரண்டிலும் கோடு போட்ட ஏழு. டம்ளரை மூன்றாவது முறை எடுத்தபோது சித்தப்பா, "அதுல கை வைக்காத, இருக்கட்டும்" என்றார்.

இனிமேல்தான் பிசுக்கு வேலை. நீங்கள் கேட்டது இதைத்தான்! நம்பர் போன பிறகு மைக்குப் பயப்பட வேண்டியதில்லை. டப்பாவைக் கழற்றி, உள்ளே இருந்த தாள்களை எடுத்துவிட்டு, பிசுக்கு மேல் தேங்காய் எண்ணெய் தடவி கால் மணி நேரம் விட வேண்டும். (மார்கழியில் எண்ணெய் உறைந்திருந்தால் வெயிலில் வையுங்கள்.) பிறகு பழைய பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்தால், பிசின் திரி திரியாகச் சுருண்டு வரும். ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊற வைக்காதீர்கள், முக்கியமாகக் கீல் பக்கம். பாலிஸ்டைரீன் இறுக்கத்தில் இருக்கும் இடத்தில் எண்ணெய் தங்கினால் நாளடைவில் கீறல் விடும். மெல்லிய பிசுக்குக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் அழிக்கிற ரப்பர் போதும். அதைவிட வேடிக்கை, புதுச் செலோ டேப் துண்டைப் பிசுக்கு மேல் ஒட்டி ஒட்டிப் பிடுங்கினால், பழைய பிசின் புது டேப்போடு வந்துவிடும். முள்ளை முள்ளால் எடுக்கிற கதைதான். பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம். பிசுக்கு போனாலும் கோடு நிற்கும், வெளிச்சத்தில் பார்த்தால் தோனி முகத்தில் கீறல் விழுந்த மாதிரியே தெரியும். சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய ஏ.டி.எம். கார்டு நல்லது.

கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை கொஞ்சம் மிஞ்சினாலும் கார்டு அதைக் குடித்துவிடும், பிறகு எடுக்க வழியே இல்லை. டப்பாவை ஒரு நாள் முழுக்க நிழலில் காய வைத்து, அதன் பிறகே கார்டை உள்ளே வைத்தேன். கார்டில் எந்தப் பசையும் படாமல், கறுப்புச் சார்ட்டில் நாலு மூலைக்கும் கீறல் போட்டுச் செருகியிருக்கிறேன். ஆல்பத் தாள் வாங்குபவர்கள் ஒன்று கவனிக்கவும். பிரித்ததும் குப்பென்று வாடை வருகிற, மெத்தென்ற பி.வி.சி. தாளாக இருந்தால், நாளாக நாளாக அதிலிருந்து ஒரு கசிவு வந்து கார்டின் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

த-7, த-71 இரண்டு டப்பாவும் நம்பரோடுதான் கண்காட்சியில் இருந்தன. த-7-இல்தான் சச்சினை வைத்தேன். "இதுல மட்டும் ஏன் ஸ்டிக்கர் எடுக்கல, சோம்பேறித்தனமா?" என்று 10-ஆம் வகுப்பு அண்ணன்கள் கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் சொல்ல நேரமில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளவும்.

சித்தப்பா தன் பழைய கடை ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துவிட்டார். அதில் ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் நேராக அந்தந்த நம்பர் ஸ்டிக்கரை, வழுவழுத் தாளோடு கத்தரித்துச் செருகி வைத்திருக்கிறார். இரண்டு வரி காலி. அந்த இடத்துக்கு எப்போதாவது டப்பாவையே கேட்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால் சச்சினுக்கு வேறு வீடு பார்க்க வேண்டும்.

என்னிடம் இன்னும் 3 நல்ல டப்பா மிச்சம் இருக்கிறது. ஒன்றை 7-ஆம் வகுப்புத் தங்கை தபால் தலைக்குக் கேட்டிருக்கிறாள். மற்ற இரண்டும் முதலில் வருபவர்களுக்கு. உங்கள் டப்பாவில் பிசுக்கு இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி முடிந்ததும் வேப்பமரத்தடிக்குக் கொண்டு வாருங்கள். தேங்காய் எண்ணெய் நான் கொண்டு வருகிறேன், பழைய துணி உங்களுடையது. கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு டப்பாவை மட்டும் எடுத்து வரவும். நெயில் பாலிஷ் ரிமூவரோடு வருபவர்களுக்கு அனுமதி இல்லை!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி